உங்க மேனேஜர் எப்போ வருவாங்க?

பிராஜெக்ட் மேனேஜராக நான் உட்கார்ந்த முதல் கிளையன்ட் மீட்டிங்கில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். "நான்தான் சார்" என்றேன். அவர் சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை, சங்கடத்தில் வருகிற சிரிப்பு. அப்புறம் ஒன்றரை மணி நேரமும் எல்லாக் கேள்விகளையும் என் பக்கத்தில் இருந்த எங்கள் டேட்டாபேஸ்காரரைப் பார்த்தே கேட்டார். அவருக்கு 17 வருஷ அனுபவம், காதோரம் நரை, மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்கு 26 வயது. நடுவில் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "இதையெல்லாம் நோட்ஸ் எடுத்துக்கோங்கம்மா" என்றார். எடுத்துக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த மீட்டிங்கில் நான் யார் என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு முடிவெடுத்தேன். அடுத்த ஐந்து மாதம் என்னையும் டீமையும் படுத்தி எடுத்தது அந்த முடிவுதான். சின்ன வயதில் இந்த வேலைக்கு வருகிறவர்களை வயது அவ்வளவாகக் கவிழ்ப்பதில்லை, வயது தெரியக்கூடாது என்று செய்கிற காரியங்கள் கவிழ்த்துவிடும். நான் எல்லாவற்றையும் செய்தேன். எதற்கும் உடனே பதில் சொன்னேன். தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டிவிட்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். சாதாரணமாகச் சொல்ல வேண்டியதைக் கனமான வார்த்தையில் சொன்னேன். மேலே இருப்பவரிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன், கீழே இருப்பவர்களிடம் கிளையன்ட் ரொம்ப அவசரப்படுகிறார் என்றேன். இரண்டு பக்கமும் நல்ல பேர் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மீட்டிங்கில், ரிப்போர்ட் பகுதி எப்போது கிடைக்கும் என்று கிளையன்ட் கேட்டார். வழக்கம்போல டேட்டாபேஸ்காரரைப் பார்த்துத்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் "ரெண்டு வாரத்துல குடுத்துடுவோம் சார்" என்று சொல்லிவிட்டேன். கிளையன்ட் முதன்முறையாக என்னைப் பார்த்து "வெரி குட்" என்றார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது டேட்டாபேஸ்காரர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு வாரம்னு யாருகிட்ட கேட்டீங்க?" யாரிடமும் கேட்கவில்லை. "அங்கேயே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன், தப்பை அவர் தலையில் கட்டுவதுபோல. அவர் கோபப்படவில்லை. "அங்க நான் மறுத்துப் பேசினா உங்களுக்கு மரியாதை இருக்காது. பேசாம வந்தா எங்களுக்குத் தூக்கம் இருக்காது. ரெண்டாவதே பரவாயில்லன்னு விட்டுட்டேன்" என்றார். அந்த வேலை முடிய ஐந்து வாரம் ஆனது.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ரொம்பச் சின்னது. தேதி கேட்டால் தேதி சொல்லாதீர்கள், தேதியை எப்போது சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னால் பயந்து நழுவுவதுபோல இருக்கும், அதுவும் சின்ன வயசுக்காரர் சொன்னால் கேட்கவே வேண்டாம். "டீமிடம் பேசிவிட்டு வியாழக்கிழமை மதியம் 3 மணிக்குள் மெயில் போடுகிறேன்" என்றால் அதே விஷயம் வேறு மாதிரி காதில் விழுகிறது. வியாழன் 3 மணிக்குப் பதில் கையில் இல்லாவிட்டாலும் மெயில் போக வேண்டும், இன்னும் எது தெரியவில்லை, அது எப்போது தெரியும் என்றாவது எழுதி. இப்படி நாலைந்து தடவை சொன்ன நேரத்துக்கு மெயில் போன பிறகு யாரும் என் வயதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

டீமிடம் பேசுவது என்றால் "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டுவிட்டு வருவது இல்லை. அப்படிக் கேட்டால் எல்லாம் சரியாகப் போனால் ஆகும் நாளைத்தான் சொல்வார்கள், ஏமாற்றுவதற்காக அல்ல, மனிதர்கள் அப்படித்தான் கணக்குப் போடுவோம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், திட்டமிடல் பிழை என்று தமிழில் சொல்லலாம்: கையில் இருக்கும் வேலை எப்படி நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம், இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு இழுத்தது என்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிட்னி ஓபரா ஹவுஸை 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிப்பதாகத்தான் கணக்கு. திறந்தது 1973-இல், செலவு 10 கோடியே 20 லட்சம். என்னுடைய இரண்டு வாரம் ஐந்து வாரம் ஆன கதையைச் சொல்லி நொந்துகொள்ளும்போதெல்லாம் இதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

அதனால் இப்போதெல்லாம் மூன்று எண்கள் கேட்கிறேன். எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை நாள், சாதாரணமாக எத்தனை நாள், எல்லாம் சொதப்பினால் எத்தனை நாள். சாதாரண எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். இது 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறையில் இருந்து வந்தது. 3 நாள், 5 நாள், 13 நாள் என்று சொன்னால் விடை 6. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த 6 எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. 13 என்று சொன்னவரிடம் "ஏன் 13?" என்று கேட்டால் அப்போதுதான் வாய் திறப்பார்: "அந்த பேமென்ட் கம்பெனி ஆளுங்க பதில் போடவே ஒரு வாரம் பண்ணுவாங்க." எனக்கு வேண்டியது அந்த வாக்கியம். அன்றைக்கே அவர்களுக்கு மெயில் போட்டுவிடலாம்.

இன்னொரு கேள்வியையும் மாற்றினேன். "முடிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டேன். கேட்டால் "90 பர்சன்ட் ஆயிடுச்சு" என்று பதில் வரும், அடுத்த வாரமும் 90, அதற்கடுத்த வாரமும் 90. "என்னென்ன மிச்சம் இருக்கு, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று கேட்டால் அந்த பத்து பர்சன்டுக்குள் எட்டு வேலை ஒளிந்திருப்பது தெரியும். இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது சும்மா இல்லை, அதற்கு ஒரு பெரிய விலை கொடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய சிஸ்டத்தில் இருந்த வாடிக்கையாளர் விவரம் சுமார் 40,000 வரிகளைப் புதிய சிஸ்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்தவன் டீமிலேயே எனக்கும் இளையவன், நல்ல உழைப்பாளி. மூன்று வாரம் அவன் 90 பர்சன்ட் என்றான், நான் மூன்று வாரமும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் அந்த வரிக்குப் பச்சை நிறம் அடித்து அனுப்பினேன். எங்கள் தொழிலில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்று பேர், வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. டெஸ்டிங் பார்க்கும் அக்கா ஒருவர் இருந்தார், அதிகம் பேச மாட்டார். அவர் முதல் வாரமே பிழைப் பட்டியலில் ஒரு வரி எழுதியிருந்தார்: "சில பில்லுக்கு ஆள் இல்லை." முக்கியத்துவம் என்ற இடத்தில் 'குறைவு' என்று இருந்தது. 'குறைவு' என்று போட்டதை எல்லாம் நான் திறந்து பார்ப்பதே இல்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒத்திகை ஓட்டினோம். ஆயிரக்கணக்கான பில்கள் அந்தரத்தில் நின்றன. பில் இருக்கிறது, அது யாருடையது என்று சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. காரணம் தேடவே நாலு நாள் போனது. ஐந்தாவது நாள் சாயங்காலம் டேட்டாபேஸ்காரர் என் திரையில் இரண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரியைக் காட்டினார். பில் ஃபைலில் வாடிக்கையாளர் எண் 004512. வாடிக்கையாளர் ஃபைலில் அதே ஆளுக்கு 4512. முன்னால் இருந்த இரண்டு பூஜ்ஜியத்தைக் காணோம். நடந்தது இவ்வளவுதான்: பையன் ஃபைலை ஒருமுறை சரிபார்க்க எக்செலில் திறந்திருக்கிறான், மூடும்போது சேவ் செய்திருக்கிறான். எக்செல் அதை எண் என்று நினைத்து, எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் எதற்கு என்று தூக்கிவிட்டது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் எல்லா எண்ணும் போச்சு.

பழைய சிஸ்டத்தில் இருந்து மறுபடி எடுத்தால் போயிற்று என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் கிளையன்ட் ஆட்கள் இரண்டு பேர் அதே எக்செல் ஃபைலில் உட்கார்ந்து தப்பான முகவரிகளையும் இரட்டைப் பெயர்களையும் கையால் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தங்களைத் தனியாகப் பிரித்தெடுத்து, புதிதாக எடுத்த ஃபைலில் ஏற்றி, மறுபடி சரிபார்த்து... மூன்று வாரம் தள்ளிப்போனது.

எங்கள் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனசோடுதான் "மூணு பேர் எக்ஸ்ட்ரா தர்றேன், தேதியை மாத்தாதீங்க" என்றார். நல்ல பேர் ஆசை இன்னும் போகவில்லையே, சரி என்றேன். ஐபிஎம்மில் ஒரு பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே சொன்ன விஷயம் இது, தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. அதை நான் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதக்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் படித்தது வேறு, அறைக்குள் மூன்று பேர் புதிதாக வந்து உட்காரும்போது நடப்பது வேறு. பத்துப் பேர் இருந்தபோது யாரோடு யார் பேச வேண்டும் என்று ஜோடி கணக்குப் போட்டால் 45. பதின்மூன்று ஆனதும் 78. முதல் வாரம் முழுக்க என் மூத்த ஆட்கள் வேலை செய்யவில்லை, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டேட்டாபேஸ்காரர் ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நான் இப்போ டீச்சரா, டெவலப்பரா, அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார். இப்போது யாராவது ஆள் தருகிறேன் என்றால் நான் கேட்பது: எந்த வேலையைத் தள்ளிவைக்கலாம், எந்த மீட்டிங்கில் இருந்து இவர்களை விடுவிக்கலாம், தேதியை எவ்வளவு நகர்த்தலாம். இதில் ஒன்றுக்கும் வழியில்லை என்ற பிறகுதான் ஆள்.

கிளையன்டிடம் சொல்ல வேண்டிய வேளை வந்தது. விஷயம் இவ்வளவு பெரிது என்று செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைதான் போன் செய்தேன். நடுவில் மூன்று நாள் எப்படியாவது சரியாகிவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது உங்களுக்கு எப்போ தெரியும்?" செவ்வாய்க்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூன்று வாரத் தாமதத்துக்கு அவர் கத்தவில்லை, அந்த மூன்று நாளுக்குக் கத்தினார். புதன்கிழமை அவருடைய மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார் மனுஷன், என் பச்சை ரிப்போர்ட்டைக் காட்டி. அதைக் கேட்டபோது எனக்கு உள்ளே என்னவோ ஆனது. நான் காப்பாற்றிய நல்ல பேருக்கு அவர் விலை கொடுத்திருந்தார்.

அதற்கப்புறம் கெட்ட செய்தியை 24 மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதில்லை. முழுக் காரணம் தெரிய வேண்டும் என்று காத்திருப்பதும் இல்லை. "ஒரு பிரச்சினை தெரிகிறது, அளவு இன்னும் தெரியவில்லை, நாளை சாயங்காலம் சொல்கிறேன்" என்று போய்விடும். ரிப்போர்ட்டிலும் மஞ்சள் அடிக்கக் கூச்சப்படுவதில்லை. எல்லா வரியும் பச்சையாக இருக்கும் வாரத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது, யாரிடமோ சரியாகக் கேட்கவில்லை என்று.

அந்த அக்கா விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஏன் 'குறைவு' என்று போட்டீர்கள் என்று பிறகு கேட்டேன். "நான் 'அதிகம்'னுதான் போட்டேன், மீட்டிங்ல எல்லாரும் சின்ன விஷயம்னாங்க, நீங்களும் சரின்னீங்க, மாத்திட்டேன்" என்றார். எனக்கு அந்த மீட்டிங் ஞாபகமே இல்லை. பத்துப் பேர் உட்காரும் மீட்டிங்கில் அவர் மாதிரி ஆட்கள் பேச மாட்டார்கள், பேசினாலும் சத்தமாகப் பேசுகிறவர் மூடிவிடுவார். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக 20 நிமிஷம் உட்கார ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் "ஒண்ணும் இல்ல, எல்லாம் ஓகே" என்பார்கள். மூன்றாவது வாரம்தான் விஷயம் வரும். நடுவில் ஒரு வாரம் அவசரம் என்று விட்டால் மறுபடி "எல்லாம் ஓகே"வுக்குப் போய்விடும்.

புது வேலை தொடங்கும்போது இன்னொன்றும் செய்கிறேன். கேரி க்ளைன் என்ற ஆய்வாளர் 2007-இல் எழுதிய முறை இது. எல்லோரையும் உட்காரவைத்து, "ஆறு மாசம் ஆயிடுச்சு, இந்த பிராஜெக்ட் மண்ணைக் கவ்விடுச்சு, ஏன்னு எழுதுங்க" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட வேண்டும். என்ன தப்பாகப் போகும் என்று நேரடியாகக் கேட்டால் அபசகுனம் பேசுகிறவர் என்ற பேர் வந்துவிடுமோ என்று தயங்குகிறவர்கள், ஏற்கெனவே தோற்றுவிட்டது என்றால் சந்தோஷமாக எழுதுகிறார்கள். முதல் தடவை செய்தபோது அந்த அக்கா ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதில் பாதி பின்னால் உண்மையாக வந்து நின்றது, ஆனால் அதற்கு நாங்கள் தயாராக இருந்தோம்.

வயதில் பெரியவர்களை எப்படி வேலை வாங்குவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேலை வாங்குவது என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த விஷயத்தில் அவரைவிடத் தெரிந்ததுபோல் பேசாமல் இருந்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். எப்படிச் செய்வது என்பது அவர் முடிவு, எதை முதலில் செய்வது, எப்போது வேண்டும் என்பது என் முடிவு. இதை முதல் வாரமே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. தப்பு இருந்தால் தனியாக, பாராட்டு இருந்தால் கிளையன்ட் முன்னால் பேரைச் சொல்லி. அப்புறம் அவர்கள் வேலையை ராத்திரி உட்கார்ந்து நாமே செய்துவிடக் கூடாது, நான் செய்திருக்கிறேன், உதவி என்று நினைத்துத்தான் செய்தேன், அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. நேற்றுவரை கூட உட்கார்ந்து வேலை பார்த்த நண்பருக்கு மேலே வந்துவிட்டால் அது தனிக் கஷ்டம், அதற்கு என்னிடம் நல்ல வழி எதுவும் இல்லை. எனக்கு ஒரு நட்பு கொஞ்சம் தேய்ந்துதான் போனது.

சரி, நோட்ஸ். அவமானமாக நினைத்து எடுக்க ஆரம்பித்த அந்த நோட்ஸ்தான் கடைசியில் கை கொடுத்தது. ஒவ்வொரு மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு வரியில் ஒரு மெயில்: என்ன முடிவானது, யார் செய்கிறார், எப்போது, எது முடிவாகவில்லை. அவ்வளவுதான், யார் என்ன பேசினார் என்ற கதை வேண்டாம். இரண்டு மாதம் கழித்து "இதை அன்னைக்கே பேசினோமே, சின்ன மாற்றம்தானே" என்று கிளையன்ட் ஆரம்பிக்கும்போது சண்டை போட வேண்டியதில்லை, பழைய மெயிலைத் திறந்தால் போதும். பேசவே இல்லை என்றால், "செய்யலாம் சார், இதைச் சேர்த்தா ஆறு நாள் கூடும், இல்ல அந்தத் தேடல் பகுதியைப் பின்னால தள்ளணும், ரெண்டுல எது?" என்று கேட்கிறேன். முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முடிவை அவர் கையில் கொடுத்தால் பாதி நேரம் "அப்ப வேண்டாம், அடுத்த தடவை பாக்கலாம்" என்று வந்துவிடுகிறது. எழுதுகிறவர் கையில் இவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த முதல் நாள் அவர் நோட்ஸைத் தன் ஆளிடம்தான் கொடுத்திருப்பார்.

எப்போதிலிருந்து அவர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார் என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் கவனித்தேன், கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் அவர்களோடு இரண்டாவது பிராஜெக்ட் தொடங்கினோம். அவர்கள் பக்கம் ஒரு புது மேனேஜர் வந்திருந்தாள், முதல் பிராஜெக்ட் என்று பார்த்தாலே தெரிந்தது, புது நோட்டு, மூடி கழற்றாத பேனா. டேட்டாபேஸ்காரர் முதல் கேள்வியே அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "மேடம், உங்க ஸ்டாக் நம்பர்ல முன்னாடி பூஜ்ஜியம் வருமா?" அவள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "வராது சார்" என்றாள்.

மெயிலில் நான் இப்படி எழுதினேன்: "ஸ்டாக் எண்ணில் முன் பூஜ்ஜியம்: வராது என்று சொல்லப்பட்டது, கிடங்கில் கேட்டு உறுதி செய்ய வேண்டும், புதன்கிழமைக்குள்." செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அவளிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது.

"வருமாம் மேடம்."